கேமரா சுற்றட்டும், ஸ்கோர் சுற்ற வேண்டாம்

மேலிருந்து பார்க்கும் கார் விளையாட்டில், கார் திரும்பும் பக்கமே கேமராவும் திரும்பினால் ஓட்டுபவருக்கு இடம் வலம் குழம்பாது. ஆனால் கேமராவுக்குக் கோணம் கொடுத்த உடனே மற்றவை ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும். மூலையில் இருந்த ஸ்கோர் சாய்ந்தபடி திரைக்கு வெளியே நழுவும். எதிரியின் தலைக்கு மேல் உயிர் அளவைக் காட்டிய ஹெல்த் பார் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நிமிர்ந்து நின்ற மரங்கள் படுத்துவிடும்.

இதைப் பார்த்ததும் முதலில் தோன்றும் வைத்தியம் எதிர்ச்சுழற்சி. கேமரா எவ்வளவு திரும்பியதோ அவ்வளவுக்கு அந்தப் பொருளையும் திருப்பிச் சரிக்கட்டுவது. முதல் நாள் நன்றாகத்தான் வேலை செய்யும். பிறகு கேமராவுக்கு ஜூம் சேரும், வெடிப்பின்போது அதிர்வு சேரும், மென்மையாகப் பின்தொடரும் வசதி சேரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு எதிர்வைத்தியம் எழுத வேண்டிவரும். சாய்த்துவிட்டு நிமிர்த்துவதைவிட, சாயவே விடாமல் வரைவது எளிது, துல்லியமும் அதுதான்.

கணினிக்குள் கேமரா என்று ஒரு பொருள் கிடையாது. வரையும் நேரத்தில் ஒவ்வொரு புள்ளியின் மீதும் செய்யப்படும் ஒரு கணக்குதான் அது. 2டி விளையாட்டில் அந்தக் கணக்குக்கு நான்கு படிகள். புள்ளியின் இடத்திலிருந்து கேமராவின் இடத்தைக் கழி. கேமராவின் கோணத்துக்கு எதிர்ப்பக்கம் சுழற்று. ஜூமால் பெருக்கு. பாதித் திரையைக் கூட்டு. கடைசிப் படியை விட்டுவிட்டால் உலகம் திரையின் நடுவைச் சுற்றாமல் மேல் இடது மூலையைச் சுற்றி ஊஞ்சலாடும். இந்தத் தவறு அவ்வளவு பரவலானது, பார்த்தவுடனே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஸ்கோருக்கு இந்த நான்கு படிகளில் ஒன்றுமே தேவையில்லை. அது உலகத்தில் இல்லை, திரையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாடு வன்பொருளிலேயே இருந்த காலம் உண்டு. 1990இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியில் இருந்த மோட் 7 என்ற வரைதல் முறை, 1024 × 1024 பிக்சல் கொண்ட ஒரே ஒரு பின்புல லேயரை (அடுக்கை) மட்டும் மேட்ரிக்ஸ் என்ற எண் அட்டவணையால் சுழற்றும். ஸ்பிரைட்டுகளை, அதாவது தனித்தனியாக வரையப்படும் சிறு படங்களை, அந்த மேட்ரிக்ஸ் தொடாது. ஓடுபாதை எவ்வளவு சுற்றினாலும் ஸ்பிரைட்டாக வரைந்த எண்கள் நிமிர்ந்தே நின்றன. விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் இன்றைய எஞ்சின்களில் அந்தப் பிரிவினையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு கேள்விகள்

எந்தப் பொருளை எடுத்தாலும் இரண்டைத் தனித்தனியாகக் கேளுங்கள். அதன் இடம் எதைச் சார்ந்தது? அதன் சாய்வு எதைச் சார்ந்தது? ஸ்கோர், உயிர் எண்ணிக்கை, நிறுத்து பட்டன் ஆகியவற்றுக்கு இரண்டுமே திரையைச் சார்ந்தவை. ஹெல்த் பார், பெயர்ப்பட்டை, மரம் ஆகியவற்றின் இடம் உலகத்தில், சாய்வு திரையில். திசைகாட்டிக்கும் மினிமேப்புக்கும் இடம் திரையில், சாய்வு உலகத்தில். ஒரே நிரலால் இந்த மூன்று வகையையும் சமாளிக்க முயல்வதுதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர்.

ஸ்கோர், பட்டன், உயிர்

முழுக்கத் திரையைச் சார்ந்தவற்றுக்குப் பெரும்பாலான எஞ்சின்களில் தயார் வழி இருக்கிறது. கோடோவில் கேன்வாஸ்லேயர் என்ற நோடைச் (காட்சியின் ஓர் அங்கத்தை) சேர்த்து அதன் கீழ் லேபிள்களை வையுங்கள். நோடுகளின் கிளை அமைப்பில் அது எங்கே இருந்தாலும் கேமரா2டி அதைத் தொடாது. ஃபாலோ வியூபோர்ட் என்ற அமைப்பு மட்டும் அணைந்திருக்க வேண்டும், இயல்பில் அணைந்தேதான் இருக்கும். கோடோ 4இல் கேமரா சுழலவே மறுத்தால் இக்னோர் ரொட்டேஷன் என்ற அமைப்பைப் பாருங்கள். இயல்பாக அது இயங்கு நிலையில் இருப்பதால் நோடைத் திருப்பினாலும் காட்சி திரும்பாது.

லேபிளைக் கேமரா2டியின் கீழேயே குழந்தையாக வைத்துவிடுவோர் நிறைய. கேமராவோடு அதுவும் நகர்ந்து திரும்புவதால் சரியாக இருப்பது போலத் தோன்றும். கேமராவை மென்மையாகப் பின்தொடர வைக்கும் பொசிஷன் ஸ்மூத்திங் போட்டவுடன் குட்டு உடையும். நோடின் இடம் ஒன்று, திரை உண்மையில் காட்டும் இடம் வேறொன்று என்று ஆகிவிடுகிறது. குழந்தை நோடைப் பின்பற்றுகிறது, காட்சியோ பின்தங்கி வருகிறது. ஒவ்வொரு முடுக்கத்திலும் ஸ்கோர் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வரும்.

யூனிட்டியில் கேன்வாஸின் ரெண்டர் மோடை ஸ்கிரீன் ஸ்பேஸ் ஓவர்லே என்று வைத்தால் முடிந்தது. ஸ்கிரீன் ஸ்பேஸ் கேமரா என்பதும் திரும்பாமல் நிற்கும், ஆனால் அது கேமராவுக்கு முன்னால் பிளேன் டிஸ்டன்ஸ் தூரத்தில் நிற்கும் ஒரு தளம். இயல்பான தூரம் 100 அலகு. அதைவிட அருகில் வரும் பொருள் எதுவும் உங்கள் ஸ்கோரை மறைக்கக்கூடும். திரைக்கான பின்விளைவுகள், அதாவது மங்கல், ஒளிர்வு போன்றவை, ஸ்கோர் மீதும் பட வேண்டும் என்றால்தான் இந்த மோடைத் தேர்ந்தெடுங்கள்.

கேம்மேக்கரில் டிரா நிகழ்வில் வரைவது வியூவோடு திரும்பும். டிரா ஜியுஐ நிகழ்வில் வரைவது திரும்பாது. அங்கே 0, 0 என்பது எப்போதும் மேல் இடது மூலை. ஜியுஐ லேயரின் அளவை டிஸ்ப்ளே செட் ஜியுஐ சைஸ் கொண்டு நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு அளவுத் திரையில் எழுத்து எதிர்பாராத அளவில் வரும்.

ஃபேசர் 3 பயன்படுத்துவோர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். செட் ஸ்க்ரோல் ஃபேக்டர் 0 கொடுத்தால் பொருள் திரையில் ஒட்டிக்கொள்ளும் என்று பல பயிற்சிப் பாடங்களில் படித்திருப்பீர்கள். அது கேமரா நகர்வதை மட்டுமே ரத்து செய்கிறது. சுழற்சியும் ஜூமும் அந்தப் பொருளின் மீது அப்படியே விழும். கேமரா நகரும்வரை ஒழுங்காக இருந்த ஸ்கோர், திரும்பியதும் சாய்வது இதனால்தான். ஸ்கோருக்கு இரண்டாவது கேமரா ஒன்றைச் சேர்த்து, இக்னோர் மூலம் ஒவ்வொரு கேமராவும் மற்றதன் பொருள்களைத் தவிர்க்கச் செய்வது ஒரு வழி. இதில் ஒரு பொறி உண்டு. குரூப்பை இக்னோர் செய்தால் அந்த நேரத்தில் குரூப்பில் இருப்பவை மட்டுமே தவிர்க்கப்படும். பிறகு பிறக்கும் தோட்டாக்கள் இரண்டு கேமராவிலும் தெரியும், ஒன்று சுழன்றபடி, ஒன்று சுழலாமல். திரைப்பொருள்களுக்கு ஒரு தனி சீனை (காட்சியை) லாஞ்ச் செய்து இணையாக ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. அதைத்தான் பரிந்துரைப்பேன்.

லவ்2டி, எச்டிஎம்எல் கேன்வாஸ் போன்றவற்றில் எல்லாம் வரிசைதான். இப்போதைய நிலையைச் சேமிக்கும் புஷ் அல்லது சேவ், கேமராவின் நான்கு படிகள், உலகத்தை வரைதல், சேமித்த நிலைக்குத் திரும்பும் பாப் அல்லது ரீஸ்டோர், அதன் பிறகு ஸ்கோர். லிப்ஜிடிஎக்ஸில் உலகத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என இரண்டு கேமரா வைத்து, ஸ்கோரை வரையும் முன், படங்களை வரையும் பேட்ச்சுக்குத் திரைக் கேமராவின் மேட்ரிக்ஸைக் கொடுக்க வேண்டும். மறந்தால் ஸ்கோர் உலகத்தோடு சுற்றும்.

தலைக்கு மேல் இருக்க வேண்டியவை

இரண்டாவது வகைதான் கை நிறைய வேலை கொடுக்கும். எண்களோடு ஒருமுறை பார்த்துவிடுவோம்.

திரை 1280 × 720. ஒய் கீழ்நோக்கிக் கூடுகிறது. கேமரா 1000, 500 என்ற இடத்தில், கடிகாரத் திசையில் 90 டிகிரி திரும்பியிருக்கிறது, ஜூம் 1. எதிரி 1100, 500 என்ற இடத்தில். ஹெல்த் பார் அவன் தலைக்கு 40 பிக்சல் மேலே இருக்க வேண்டும்.

பலரும் செய்வது உலகத்திலேயே 40ஐக் கழிப்பது. அதாவது பாரை 1100, 460 என்ற இடத்தில் வைப்பது. நான்கு படிகளை ஓட்டிப் பாருங்கள். எதிரி திரையில் 640, 260இல் தெரிகிறான். பார் 600, 260இல் தெரிகிறது. மேலே அல்ல, அவனுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் தள்ளி. இப்போது பாருக்கு எதிர்ச்சுழற்சி கொடுத்தாலும் அது கிடைமட்டமாகும், ஆனால் அதே இடப்பக்கத்தில்தான் நிற்கும். சாய்வைச் சரிசெய்துவிட்டு இடத்தைச் சரிசெய்யாமல் விட்டதன் விளைவு.

சரியான வழி, எதிரியின் இடத்தை மட்டும் திரைக்கு மாற்றுவது. மாற்றிய பிறகு திரையிலேயே 40ஐக் கழிப்பது. விடை 640, 220. கேமரா எந்தக் கோணத்தில் இருந்தாலும் பார் தலைக்கு நேர் மேலே இருக்கும். பார் திரை லேயரில் இருப்பதால் சாய்வைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கணக்கு இவ்வளவுதான்:

வித்தியாச எக்ஸ் = பொருள் எக்ஸ் − கேமரா எக்ஸ்
வித்தியாச ஒய் = பொருள் ஒய் − கேமரா ஒய்
திரை எக்ஸ் = (வித்தியாச எக்ஸ் × காஸ் + வித்தியாச ஒய் × சைன்) × ஜூம் + அகலத்தில் பாதி
திரை ஒய் = (வித்தியாச ஒய் × காஸ் − வித்தியாச எக்ஸ் × சைன்) × ஜூம் + உயரத்தில் பாதி

காஸ், சைன் இரண்டும் கேமராவின் கோணத்துக்கானவை. அந்தக் கோணத்தை ரேடியனில் கொடுக்க மறக்காதீர்கள். 90 என்று அப்படியே சைனுக்குள் போட்டால் வரும் விடை 1 அல்ல, சுமார் 0.894.

எஞ்சின்கள் இந்தக் கணக்கைத் தயாராகவே வைத்திருக்கின்றன. கோடோ 2டியில் வியூபோர்ட்டின் கேன்வாஸ் டிரான்ஸ்ஃபார்மைப் பொருளின் இடத்தோடு பெருக்கினால் போதும். 3டியில் கேமரா3டியின் அன்புரொஜெக்ட் பொசிஷன். யூனிட்டியில் வேர்ல்ட் டு ஸ்கிரீன் பாயின்ட். யூனிட்டியில் கேன்வாஸ் ஸ்கேலர் திரை அளவுக்கேற்ப விரியும்படி வைத்திருந்தால் திரையின் பிக்சலும் கேன்வாஸின் அலகும் ஒன்றல்ல. ரெக்ட் டிரான்ஸ்ஃபார்ம் யுட்டிலிட்டி மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். ஓவர்லே கேன்வாஸ் என்றால் கேமரா கேட்கும் இடத்தில் நல் (வெற்று மதிப்பு) கொடுக்க வேண்டும்.

3டியில் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் எதிரியின் பெயரும் திரையில் தோன்றும், அதுவும் இடம் வலம் மாறி. ஆழத்தால் வகுக்கும்போது ஆழம் எதிர்மறையாக இருப்பதே காரணம். யூனிட்டி தரும் விடையில் இசட் சுழிக்குக் கீழே இருந்தால் பெயரை மறைத்துவிடுங்கள். கோடோவில் இஸ் பொசிஷன் பிஹைண்ட் என்று கேட்கலாம். திரை ஓரத்தில் அம்புக்குறி காட்டுவதாக இருந்தால் மறைக்காமல், எக்ஸ், ஒய் இரண்டையும் திரை நடுவைப் பொறுத்து எதிர்ப்பக்கம் புரட்டி, பிறகு ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

ஒரு ஃபிரேம் பின்தங்கினால்

கணக்கு சரி, கோணம் சரி, ஆனாலும் கேமரா திரும்பும்போது பெயர்ப்பட்டைகள் நடுங்குகின்றன என்றால் காரணம் அநேகமாக வரிசை. பெயர்ப்பட்டை தன் இடத்தைக் கணக்கிட்ட பிறகு கேமரா திரும்பியிருக்கிறது. பட்டை பயன்படுத்தியது போன ஃபிரேமின், அதாவது திரையில் இதற்கு முன் வரையப்பட்ட படத்தின், கோணம்.

ஒரு ஃபிரேம்தானே என்று விடக்கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம், கேமரா நொடிக்கு 180 டிகிரி திரும்புகிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கு 3 டிகிரி. திரை நடுவிலிருந்து 600 பிக்சல் தள்ளி இருக்கும் பொருளுக்கு அது 31 பிக்சல் பிழை. நடுவில் இருக்கும் பொருளுக்குப் பிழையே தெரியாது. ஓரத்தில் மட்டும் நடுக்கம் என்பதுதான் இந்த நோயின் அடையாளம்.

யூனிட்டியில் கேமராவுக்குப் பிறகு ஓட வேண்டியதை லேட்அப்டேட்டில் வைப்பது வழக்கம். ஆனால் சினிமெஷின் போன்ற கருவிகளும் கேமராவை லேட்அப்டேட்டில்தான் நகர்த்தும். அப்போது ஸ்கிரிப்ட் எக்ஸிகியூஷன் ஆர்டரில் பெயர்ப்பட்டையின் ஸ்கிரிப்டை அதற்கும் பின்னால் தள்ள வேண்டும். கோடோவில் பிராசஸ் பிரயாரிட்டி எண் சிறியதாக இருப்பது முதலில் ஓடும். கேமராவுக்குச் சிறிய எண், பட்டைக்குப் பெரிய எண். இயற்பியல் ஃபிரேமில் கேமராவையும் சாதாரண ஃபிரேமில் பட்டையையும் நகர்த்தினாலும் இதே நடுக்கம் வரும். இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டுங்கள்.

மரங்கள் நிமிர்ந்து நிற்க

மரம், கம்பம், ஆள் போன்ற ஸ்பிரைட்டுகளைத் திரை லேயருக்கு மாற்ற முடியாது, ஏனென்றால் அவை ஒன்றையொன்று மறைக்க வேண்டும். இங்கேதான் எதிர்ச்சுழற்சிக்கு நியாயமான இடம். பிவட், அதாவது படம் சுழலும் மையப்புள்ளி, மரத்தின் அடியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் சுழலும்போது மரத்தின் கால் தரையில் வழுக்கும்.

கோணத்தை நேரடியாக வையுங்கள், ஃபிரேமுக்கு ஃபிரேம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து சில நிமிடங்களில் மரம் லேசாகச் சாய்ந்திருக்கும், ஏன் என்று கண்டுபிடிப்பது பாடு. மரம் நிமிர்வதற்குப் பதிலாக இரு மடங்கு வேகத்தில் சுற்றினால் குறி தவறு. சில எஞ்சின்களில் கேமராவின் கோணம் என்பது கேமரா திரும்பிய அளவு, சிலவற்றில் படம் திரும்பிய அளவு. குறியை மாற்றிப் பார்ப்பதே விரைவான தீர்வு.

தாய் நோடுக்கு அகலத்தில் 2, உயரத்தில் 1 என்று சமமில்லாத ஸ்கேல் இருந்தால் எதிர்ச்சுழற்சியால் மரம் நிமிராது, சாய்சதுரமாக நெளியும். சுழற்சி, நீட்சி, எதிர்ச்சுழற்சி மூன்றையும் அடுத்தடுத்துச் செய்தால் முதல் நிலைக்குத் திரும்ப முடியாது. ஸ்கேலைத் தாயிடமிருந்து எடுத்துப் படத்துக்கே கொடுங்கள்.

எது எதை மறைக்கும் என்பதும் மாறும். உலகத்தின் ஒய் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தால், கேமரா 180 டிகிரி திரும்பியதும் பின்னால் இருக்க வேண்டிய மரம் முன்னால் வந்து நிற்கும். மேலே உள்ள சூத்திரத்தில் கிடைக்கும் திரை ஒய்யை மரத்தின் அடிக்குக் கணக்கிட்டு, அதைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள்.

நிழலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மரத்தின் படத்திலேயே நிழலையும் சேர்த்து வரைந்திருந்தால், கேமரா எவ்வளவு திரும்பினாலும் நிழல் திரையின் ஒரே பக்கம் விழும். சூரியனும் கேமராவோடு சேர்ந்து சுற்றுவது போல ஆகிவிடும். நிழல் தனி ஸ்பிரைட், அதற்கு எதிர்ச்சுழற்சி கிடையாது.

ஆட்களுக்கு முகம் இருப்பதால் இன்னொரு வேலை. 1993இல் வந்த டூம் அரக்கர்களுக்கு 8 கோணங்களில் படம் வைத்து, பார்ப்பவரின் இடத்தைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதே உத்தி இங்கும் பொருந்தும். ஆளின் திசையிலிருந்து கேமரா கோணத்தைக் கழித்து, 22.5 கூட்டி, 45ஆல் வகுத்து, முழு எண்ணை எடுத்து, அதை 8ஆல் வகுத்து வரும் மீதியைப் பயன்படுத்துங்கள். கழித்தது எதிர்மறையாக வந்தால் முதலில் 360 கூட்டிக்கொள்ளுங்கள். பல மொழிகளில் எதிர்மறை எண்ணின் மீதியும் எதிர்மறையாகவே வரும், பட்டியலுக்கு வெளியே போய் நிரல் நின்றுவிடும்.

3டி உலகில் இதையே பில்போர்டு என்பார்கள். லுக்அட் மூலம் கேமராவை நோக்கித் திருப்பினால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறித் தெரிவது யூனிட்டியில் சகஜம். கேமராவின் சுழற்சியையே அப்படியே பொருளுக்குக் கொடுத்துவிட்டால் எழுத்து சரியாகும், திரை ஓரங்களில் சாயவும் சாயாது.

திசைகாட்டி

மூன்றாவது வகையில் படத்தைக் கேமரா கோணத்துக்கு எதிராகத் திருப்பினால் வேலை முடிந்தது. வட்டத்தின் மேல் இருக்கும் ‘வ’ என்ற எழுத்தை மட்டும் தனியாக எடுங்கள். அதன் இடம் வட்டத்தோடு சுற்ற வேண்டும், எழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டும். நடுவிலிருந்து எக்ஸ் = −ஆரம் × சைன், ஒய் = −ஆரம் × காஸ். கோணத்தை மென்மையாக்கும்போது 359இலிருந்து 1க்குப் போவது 2 டிகிரிதான் என்று கணக்குக்குத் தெரிய வேண்டும். இரண்டு எண்களுக்கு இடையே நேராக நகர்த்தும் சாதாரண லெர்ப் போட்டால் முள் 358 டிகிரி பின்னோக்கிச் சுற்றும். லெர்ப் ஆங்கிள் பயன்படுத்துங்கள்.

திரைப்பொருளை உலகத்திலேயே வைக்க வேண்டிய கட்டாயம்

சில சிறிய எஞ்சின்களில் லேயர் வசதி இருக்காது. அப்போது சூத்திரத்தைத் தலைகீழாக்க வேண்டும். திரை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வேண்டுமோ அதை ஜூமால் வகுத்து, கேமரா கோணத்துக்குச் சுழற்றி, கேமராவின் இடத்தோடு கூட்டி, பொருளின் கோணத்துக்குக் கேமராவின் கோணத்தையும், அளவுக்கு 1 ÷ ஜூமையும் கொடுங்கள். அதிர்வையும் சேர்த்துத்தான் கேமராவின் இடம்.

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. 32 பிட் மிதவை எண்ணில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வடிவத்தில்), 1,00,000 அலகு தூரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி சுமார் 0.0078. ஒரு அலகுக்கு 100 பிக்சல் என்றால் அது முக்கால் பிக்சல். ஆட்டக்காரர் தொலைவு போகப்போக ஸ்கோர் மெல்ல நடுங்கத் தொடங்கும். பிக்சல் ஓவியம் என்றால் அதற்கு வெகு முன்பே எழுத்தின் ஓரங்கள் மினுக்கும்.

சொடுக்கும் இடமும் மூலைகளும்

திரையில் வரைந்த பட்டனுக்குத் திரையின் ஆயத்தொலைவில்தான் சொடுக்கைச் சோதிக்க வேண்டும். கேம்மேக்கரில் மவுஸ் எக்ஸ் ரூமின், அதாவது ஆட்ட உலகத்தின், எண்ணைத் தரும். ஜியுஐ பட்டனுக்கு டிவைஸ் மவுஸ் எக்ஸ் டு ஜியுஐ வேண்டும். உலகத்தில் இருப்பதைச் சொடுக்கினால் தலைகீழ்ச் சூத்திரம்.

திரை திரும்பும்போது மூலைகளில் கறுப்பு முக்கோணம் எட்டிப் பார்த்தால், திரையின் அகலத்துக்கு மட்டுமே தரையை வரைந்திருக்கிறீர்கள். 1920 × 1080 திரைக்கு மூலைவிட்டம் 2203 பிக்சல். எந்தக் கோணத்துக்கும் போதுமான சதுரத்தின் பக்கம் அது. திரைக்கு வெளியே இருப்பதை வரையாமல் விடும் நிரலும் இதே அளவையே பயன்படுத்த வேண்டும்.

திரை சுழல்வது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தரும். சுழற்சியை அணைக்கும் வசதியும், திரை நடுவில் அசையாத ஒரு சிறு புள்ளியும் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன திரை லேயர் இருந்தால் புள்ளி வைப்பது சில வரி வேலைதான்.

சோதிக்கும்போது 0, 90, 180 கோணங்களை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் சைனோ காஸோ சுழியாகிவிடுவதால் பாதித் தவறுகள் ஒளிந்துகொள்ளும். ஆட்டத்தை நிறுத்திவைத்து, உலகத்தை மறைத்துவிட்டு, கேமராவை 0, 37, 211 டிகிரிகளிலும், ஜூமை 0.5, 2 என்றும் மாற்றி, அதிர்வோடும் அதிர்வில்லாமலும் திரையைப் படம் எடுங்கள். ஸ்கோரும் பட்டனும் மட்டும் தெரியும் அந்தப் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் முழுக் கறுப்பு வர வேண்டும். ஒரு பிக்சல் வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்தில் ஏதோ ஒன்று இன்னும் கேமராவின் கணக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.